சாத்தியின் பெயரைத் திருப்பித் தரும் ஓலை

நலம் பெருகுக. செம்பறை நாட்டு ஏரிகள் கரை தொட்டு நிற்க. அந்நாட்டுக் குடிகள் பசியறியாதிருக்க. செம்மண் நிலத்தையும் சுனை பொதிந்த குன்றுகளையும் தம் குடைநிழலில் வைத்துக் காக்கும் அரசியார் வீரவை நங்கையார் நீடு வாழ்க.

தேவியாரின் திருமுன்பு, திரைமணல் நாட்டு மன்னர் கரைகாத்த ஆதவேளின் ஆணைப்படி, அந்நாட்டின் ஊரமைப்பு அமைச்சனாயிருந்த கீரங்கொற்றன் தன் கையால் எழுதிப் பணிந்து விடுக்கும் ஓலை இது.

தைத் திங்களில் தேவியார் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. செம்பறை நாட்டில் முந்நூறு வீடுகளோடு புதியதோர் ஊர் எழுகிறது என்றும், வீட்டுக்கு வீடு முற்றத்தில் தென்னையோ கமுகோ பனையோ நிற்க வேண்டும் என்பது தேவியாரின் விருப்பம் என்றும் அதில் கண்டிருந்தது. எங்கள் நெடுந்திடலில் இருநூற்றுப் பன்னிரண்டு தென்னைகள் நூல் பிடித்தாற்போல் ஒரே உயரத்தில் நின்ற அழகை வணிகர் சொல்லத் தேவியார் கேட்டு மகிழ்ந்ததாகவும், எந்த வீட்டுக்கு எந்த மரத்தைத் தேர்வது, வளர்ந்த மரத்தை எப்படிப் பெயர்த்து நடுவது, நட்டபின் எப்படிப் பேணுவது என்ற முறையை அமைச்சர் கீரங்கொற்றனார் எழுதி அனுப்புக என்றும் கண்டிருந்தது.

மறுமொழி இரண்டு திங்கள் தாழ்ந்தது. அதன் காரணத்தைச் சொல்வதே இவ்வோலையின் பொருள். அந்த மரங்களில் நூற்று நாற்பத்தொன்று பட்டுப்போயின. அவற்றைக் கொன்றவன் கீரங்கொற்றன். கொன்ற பழியைச் சுமந்து நாடு கடந்து போனவள் வேறொருத்தி.

இனி வருவதை ‘யாம்’ என்று எழுதலாகாது என்பது மன்னர் கட்டளை. முப்பது ஆண்டுகள் ‘யாம்’ என்று எழுதிப் பழகியவன் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வான் என்று மன்னர் கருதினார். ஆகவே இக்கை, கீரங்கொற்றனைப் பிறனொருவனைப் போல் பெயர் சொல்லி, அவன் செய்ததைச் செய்தபடி எழுதுகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் கடல் உள்ளே வந்து எங்கள் கரையூர் ஒன்றை வாரிக்கொண்டு போயிற்று. தப்பிய பரதவர்க்கு மேட்டில் ஊர் அமைத்துத் தருக என்று மன்னர் கீரங்கொற்றனைப் பணித்தார். ஏரி தூர்வாரிய களிமண்ணைக் கொட்டித் திடல் உயர்த்தி, அதன்மேல் நெடுந்திடலின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எழுந்தன. அதுவரை அவன் செய்தது நல்ல வேலைதான். வீடுகள் எழுந்தபின் நின்று பார்த்தான். ஊர் மொட்டையாக இருந்தது. தைப் பிறப்பன்று மன்னர் வந்து, குடியேறியிருந்த பரதவர்க்கு அவ்வீடுகளை முறைப்படி உரிமையாக்குவதாக இருந்தார். இடையில் நூறு நாள். நூறு நாளில் ஊருக்கு நிழல் வேண்டுமானால் வளர்ந்த மரங்களைத்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த வேலைக்கு எங்கள் நாட்டில் ஒருத்திதான் உண்டு. பெயர் சாத்தி. நாற்பது வயது. நாற்பது பேர் கொண்ட குழுவின் தலைவி. நின்ற தென்னையை வேரோடு தோண்டி, மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, குருத்து அசையாமல் வண்டியில் கிடத்தி, பத்துக் காதம் கொண்டுபோய் நட்டு, அதில் பாளை வெடிக்கவும் செய்பவள். எழுத்து அறியாதவள். இதைக் கீரங்கொற்றன் பின்னால் பயன்படுத்திக்கொண்டான். ஆகவே இங்கேயே சொல்லிவைப்பது முறை.

சாத்தி மூன்று நாள் நெடுந்திடலைச் சுற்றினாள். வீடு வீடாக ஏறி என்ன மரம் வேண்டும் என்று கேட்டாள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கிணறு எங்கே, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பார்த்தாள். பிறகு அமைச்சனிடம் வந்து நின்றாள்.

“ஐயா, நாப்பது வீட்டுல கமுகு கேக்குறாங்க. கெணத்தடியில நெழல் இருக்கு, நிக்கும். மேல்வெயில் அறையுற வீட்டுக்கு மட்டும் கமுகு ஆவாது, தண்டு வெந்து போவும். கடலப் பாத்த கடைசித் தெருவுக்குப் பனங்கொட்டை போடலாம். குட்டிப் பனையப் பேத்து நட முடியாதுங்க, அது மேல எழுறதுக்கு முன்னாடி கீழ கெணறாட்டம் எறங்கியிருக்கும். தென்னை வைக்கிற வீட்டுல சொவத்துலேர்ந்து பத்து முழம் தள்ளி வைப்போம். தேங்கா விழுற எடத்துல யாரும் பாய் விரிச்சுப் படுக்கக் கூடாது பாருங்க.”

கீரங்கொற்றனுக்கு அவள் சொன்னது எதுவும் தவறாகப் படவில்லை. ஆனால் அவன் மனம் தைப் பிறப்பில் இருந்தது. மன்னரின் தேர் நடுத்தெருவில் வரும்போது இருபுறமும் என்ன தெரியும் என்பது ஒன்றே அவன் கண்ணில் இருந்தது.

“ராசா வர்றப்ப தெரு கலந்த பயறாட்டம் இருக்கக் கூடாது, சாத்தி. எல்லா வீட்டுக்கும் தென்னையே வை. வாசலை ஒட்டி வை. ஒரே உயரமா இருக்கணும்” என்றான்.

“ஒரே உயரமா எரநூறு மரம் எங்கேயும் கெடைக்காதுங்க.”

“கெடைச்சத வச்சு ஒரே உயரம் ஆக்கு.”

அதன் பொருள் அவளுக்கு அப்போது விளங்கவில்லை. மரங்கள் வந்திறங்கியபோது விளங்கிற்று.

ஒவ்வொரு மரத்தையும் பழைய தோப்பில் தோண்டுவதற்கு முன்னரே, அது நின்ற மண்மட்டம் எதுவோ அந்த இடத்தில், அடிமரத்தைச் சுற்றிச் சாத்தி சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தாள். புதிய இடத்திலும் மண் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். மேலேயும் ஏறக்கூடாது, கீழேயும் இறங்கக்கூடாது. கீரங்கொற்றனோ தெருமுனையிலிருந்து தெருமுனை வரை, இருபது முழ உயரத்தில் கயிறு கட்டச் செய்தான். எந்த மரத்தின் கொண்டையும் அந்தக் கயிற்றைத் தாண்டலாகாது. தாண்டுமானால் குழியை ஆழமாக்கிக் கீழே இறக்குக என்றான். ஒரு முழம் இறங்கிய மரமும் உண்டு, மூன்று முழம் இறங்கிய மரமும் உண்டு.

சாத்தி முதல் மரத்தைத் தன் கோட்டின்படியே நட்டாள். அவன் அதைத் தோண்டி எடுக்கச் சொன்னான். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மரத்தின் அருகில் குந்தினாள். சுண்ணாம்புக் கோட்டில் கையை வைத்தாள்.

“ஐயா, இந்தக் கோடுதான் இதுக்குத் தரை. இதுக்கு மேல மண் ஏறினா மூச்சு முட்டும். இது ஏரிக் களிமண் வேற, தண்ணி வடியாது. பானைக்குள்ள வச்சாப்புல நிக்கும். ஒரு வருசம் பச்சையா இருந்து ஏமாத்தும், அப்புறம் அடி அழுகிடும். நான் நடமாட்டேன்.”

“நீ நடாட்டி வேற ஆள் நடும். ஒன் நாப்பது பேரும் இன்னிக்கே ஊருக்குக் கெளம்பட்டும்” என்றான் கீரங்கொற்றன்.

நாற்பது பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியை எடுத்தாள். அதை அவன் உடன்பாடு என்று எடுத்துக்கொண்டான்.

நட்ட மரங்களுக்கு நான்கு பக்கமும் சாக்கு சுற்றிய முட்டுக்கட்டைகள் கொடுத்திருந்தாள். புது வேர் பிடிக்க ஆறு திங்களாகும், அதுவரை அவற்றை எடுக்க வேண்டாம் என்று வேண்டினாள். மன்னர் வருகைக்கு இரண்டு நாள் முன்பு, அவை அசிங்கமாயிருக்கின்றன என்று அவன் எடுக்கச் செய்தான். பச்சை மட்டைகளையும் வெட்டி, மேலே ஒரு கொத்து மட்டும் நிற்க விட்டான். அப்படித்தான் அழகு என்றான். விளக்குத் தோரணம் கட்ட மரந்தோறும் இரும்பாணி அறையச் செய்தான். மற்ற மரத்துக்குப் பட்டை மூடிக்கொள்ளும், தென்னைக்குப் பட்ட காயம் அப்படியே நிற்கும் என்று அவள் சொன்னாள். அவன் காதில் விழுந்தது, விழுந்ததோடு சரி.

தேவியார் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. எழுதக் கை கூசுகிறது. அதே நாள்களில் கீரங்கொற்றன் தன் சொந்த வீட்டுப் பின்கட்டிலும் ஒரு தென்னை வைக்கச் சொன்னான். அங்கே கயிறு கட்டவில்லை. மன்னர் அங்கே வரப்போவதில்லை. “ஒன் விருப்பப்படி வை” என்றான். அவள் குட்டை மரமாகத் தேர்ந்து, சுவரிலிருந்து பன்னிரண்டு முழம் தள்ளி, களிமண்ணில் மணல் கலந்து, கோட்டின்படி நட்டு, முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மரம் இன்றும் செழிப்பாக நிற்கிறது. சரியான முறை எதுவென்று அவனுக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.

தைப் பிறப்பன்று மன்னர் வந்தார். தெரு முழுவதும் ஒரே மட்டத்தில் கொண்டைகள் நின்றன. மன்னர் தேரை நிறுத்திப் பார்த்தார். அன்று மாலையே கீரங்கொற்றனுக்குச் ‘சோலைநாயகர்’ என்ற பட்டம் கிடைத்தது. வணிகர் கண்டு தேவியாரிடம் சொன்னது அந்த நாளின் காட்சியைத்தான்.

ஆடியில் குருத்துகள் சிறுத்தன. ஆவணியில் வெளிறின. சாத்தி இருமுறை வந்தாள். கோடு தெரியும்வரை மண்ணை எடுத்துவிட அனுமதி கேட்டாள். பட்டம் பெற்று எட்டுத் திங்களுக்குள் ஊரெங்கும் குழி தோண்டினால் மன்னர் என்ன நினைப்பார் என்று அவனுக்குத் தோன்றிற்று. மழை வந்தால் தெளிந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

மழை ஐப்பசியில் வந்தது. களிமண் குழிகளில் நீர் தேங்கிற்று. ஏழாம் நாள் நண்பகல், மழை விட்டிருந்த வேளையில், காற்று மட்டும் சற்று வீசியது. பெருங்காற்று என்று சொல்வதற்கில்லை. திமிலன் என்ற பரதவன் தன் வீட்டு வாசலில் அமர்ந்து கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். வாசலை ஒட்டி நின்ற தென்னை மண்மட்டத்தில் முறிந்து சாய்ந்து கூரையையும் அவன் வலக்கையையும் நசுக்கியது. உயிர் பிழைத்தான். கை தோளிலிருந்து தொங்குகிறது. இனி வலை வீசாது.

மன்னர் அவை கூட்டி, அந்த மரத்தை நட்டவர் யார் என்று கேட்டார்.

“நட்டவள் சாத்தி” என்றான் கீரங்கொற்றன். சொன்னது உண்மை. அதை அவன் பொய்யாகப் பயன்படுத்தினான்.

சாத்தியை அழைத்துவந்தார்கள். அவள் அவையில் நின்று கைகூப்பினாள்.

“ராசாவே, ஆழமா நடாதீங்கன்னு நான் சொன்னேன். ஐயாதான் கயிறு கட்டி எறக்கச் சொன்னாரு. அவரையே கேளுங்க.”

மன்னர் அவன் பக்கம் திரும்பினார். அவன் அவளைப் பார்த்துக் கேட்டான்: “நீ எச்சரித்ததற்கு ஓலை உண்டா? நான் அப்படிக் கட்டளையிட்டதற்கு ஓலை உண்டா?”

ஓலை இல்லை. எல்லாம் வாய்ச்சொல். அவளுடைய நாற்பது பேரும் அவைக்கு வெளியே நின்றார்கள். அமைச்சனுக்கு எதிராகப் பேச எவரும் உள்ளே வரவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, முன்பு ஒருமுறை அவர்கள் பிழைப்பைப் பறிப்பதாக அவன் அவர்கள் கண்முன்னாலேயே மிரட்டியிருந்தான். சாத்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை நாட்டை விட்டுப் போகச் சொல்லிப் பறை அறைந்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். அவள் அண்டை நாட்டில் வேலை செய்து, அங்கே தன் கதையைச் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சிக் கீரங்கொற்றன், செம்பறை நாட்டு எல்லைக் காவலர்க்குத் தன் முத்திரையிட்டு ஓர் ஓலை விடுத்தான். ‘இவள் கைபட்ட மரம் பிழைக்காது, இவளிடம் எவரும் மரத்தை ஒப்படைக்க வேண்டாம்’ என்பது அதன் வாசகம். தேவியாரின் காவலர் அண்டை நாட்டு அமைச்சனை நம்பி, அதைச் சந்தைதோறும் படித்தார்கள். அவர்கள்மீது தவறில்லை.

மார்கழியில் திமிலன் அமைச்சன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வாசலில் மண்ணுக்குள் நின்ற அடிமரத்தைத் தானே ஒரு கையால் தோண்டிக்கொண்டிருப்பதாகவும், ஐயா வந்து ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். கீரங்கொற்றன் போனான். குழிக்குள் மூன்று முழ ஆழத்தில், கறுத்து அழுகிய தண்டைச் சுற்றி, வெள்ளைக் கோடு ஒன்று கலையாமல் இருந்தது.

“நட்டவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பறையடிச்சாங்களே ஐயா. தெரியாதவ எதுக்குக் கோடு போடுவா?” என்று கேட்டான் திமிலன். அவன் குற்றம் சாட்டவில்லை. அமைச்சருக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்தால் நியாயம் செய்வார் என்று நம்பி அழைத்து வந்திருந்தான்.

கீரங்கொற்றன் அந்தக் கோட்டைப் பார்த்தான். தெருவில் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தான்.

“குழியை மூடிடு. பிள்ளைங்க விழுந்துறப் போவுது” என்றான்.

திமிலன் அவன் முகத்தைப் பார்த்தான். அதன்பின் காலாலும் ஒரு கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினான். மூடி முடியும்வரை கீரங்கொற்றன் அங்கேயே நின்றான். ஒரு பிடி மண்ணைக்கூட அவன் எடுத்துப் போடவில்லை.

அதன்பின் அந்தத் தெருவழியாக அவன் போகவில்லை. நெடுந்திடலில் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் உண்ணும்போது பின்கட்டுக் கதவைச் சாத்தச் சொன்னான். மனைவி காரணம் கேட்டாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான்.

அந்த நிலையில்தான் தேவியாரின் ஓலை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், படித்ததும் அவனுக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. முறை அவனுக்குத் தெரியும். சாத்தி சொன்னது முழுவதும் நினைவிலிருந்தது. அதைத் தன் முறையாக எழுதி அனுப்பினால் செம்பறை நாட்டு மரங்களாவது பிழைக்கும், பிழை ஒருவாறு ஈடாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எழுத்தாணியை எடுத்தான். ‘வளர்ந்த மரத்தைத் தோண்டுமுன் அதன் மண்மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு இடுக’ என்று எழுதினான். அதற்குமேல் கை ஓடவில்லை. அவள் ஊரைப் பறித்தாயிற்று, தொழிலைப் பறித்தாயிற்று, பெயரைப் பறித்தாயிற்று. மிச்சமிருந்தது அவள் அறிவு ஒன்றுதான். அதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்த கை அவன் கண்ணெதிரே இருந்தது. எழுத்தாணியை வைத்துவிட்டு, மேலாடைகூட எடுத்துப் போடாமல், பகல் வெயிலில் நடந்தே அரண்மனைக்குப் போனான்.

மன்னர் முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்தபின், “அவள் கூப்பின கையோட நின்னா. நான் ஒன் முகத்தப் பாத்துத் தீர்ப்புச் சொன்னேன்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பட்டத்தையும் பதவியையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டார். “மொதல்ல அவளத் தேடிப் போ. அவ என்ன சொல்றாளோ அதைச் செய். செஞ்சப்புறம் அரசியாருக்கு எழுது. செய்யப் போறத எழுதாதே, செஞ்சத எழுது” என்றார்.

தேவியாரின் கல்லோடை ஊர்ச் சந்தையில் விசாரித்து, மாசித் திங்களில் அவளைக் கண்டான். கல்லோடைச் செங்கற்சூளையில் களிமண் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு மரத்தையும் அவளிடம் எவரும் தரவில்லை. வேலியில் கொடி கட்டவும் அவளை அழைப்பதில்லை என்று சூளைக்காரர் சொன்னார். கீரங்கொற்றனைக் கண்டதும் அவள் கூடையை இறக்கவில்லை. அவன் அவள் முன் நின்று, பிழை முழுவதும் தன்னுடையது என்றும், அதை மன்னரிடம் சொல்லிவிட்டதாகவும் கூறினான்.

“இத எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது ஐயா? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்டப் போயிச் சொல்லுங்க” என்றாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. அதைச் சொன்னால் அவளிடம் இன்னும் ஒன்றைக் கேட்டு வாங்குவதாக ஆகிவிடும் என்று தோன்றிற்று. அவள் நாலடி நடந்தவள் திரும்பினாள்.

“எத்தன மரம் நிக்குது?”

“எழுபத்தொண்ணு.”

அவள் கூடையை இறக்கி வைத்தாள். அப்போதுதான் இறக்கினாள்.

“போனதும் கோடு தெரியுற வரைக்கும் மண்ண எடுங்க. மம்பட்டி வேணாம், கையால எடுங்க, வேர் வெட்டுப்படும். குழியிலேர்ந்து தெரு ஓரம் வரைக்கும் வாய்க்கா இழுத்து விடுங்க, தண்ணி நிக்கவே கூடாது. நாலு பக்கமும் திருப்பி முட்டுக் குடுங்க. பழுக்காத மட்டையில கை வைக்காதீங்க, அது காஞ்சு தானா விழட்டும். வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணி. ஆணியப் புடுங்காதீங்க, இப்பப் புடுங்கினா ஓட்டை வழியா வண்டு போவும்.” பிறகு, “சொவத்த உரசி நிக்கிறத மட்டும் வெட்டிருங்க. பொழச்சாலும் வெட்டிருங்க. திமிலன் கை போச்சே, அது போதும்” என்றாள்.

திரைமணலுக்குத் திரும்பி வருமாறு மன்னர் அழைப்பதாக அவன் சொன்னான். இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பிய மறுநாள் காலை, அவளை விரட்டிப் பறையறைந்த அதே தெருக்களில், அதே பறையோடு கீரங்கொற்றன் நடந்தான். பறையறிவிப்பவன் வாயால் சொல்லாமல் அவனே சொன்னான். பழக்கமில்லாத வாய்; முதல் தெருவில் குரல் எழும்பவில்லை. “கேக்கல!” என்று ஒரு பெண் சன்னலிலிருந்து சொன்னாள். மறுபடியும் சொன்னான். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள். அதுவே அதிகம் உறைத்தது.

நெடுந்திடலில் திமிலன் வாசலில் நின்றான். கீரங்கொற்றன் அவன் முன் நின்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னான். திமிலன் கடைசிவரை கேட்டான்.

“மரம் விழுந்தத நான் காத்துன்னு நெனச்சு ஆறிக்குவேன் ஐயா. கை போனதுக்கும் எதையாவது நெனச்சுக்குவேன். நான் காட்டினப்புறம் மூடிடுன்னீங்களே, அதுதான் ஆற மாட்டேங்குது” என்றான்.

அவன் வீட்டு வாசலில் வேறு மரம் வைத்துத் தரவா என்று கேட்டதற்கு, மரமே வேண்டாம் என்றான். அந்த இடம் அப்படியே வெறுமையாக இருக்கிறது. இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு நாள் கையால் மண் எடுத்தான். சாத்தியின் பழைய குழுவில் ஒன்பது பேர், அழைக்காமலே வந்து உடன் எடுத்தார்கள். அவனோடு அவர்கள் பேசவில்லை. எழுபத்தொரு மரங்களில் சுவரை உரசி நின்ற பதினெட்டை வெட்டினார்கள். எஞ்சிய ஐம்பத்து மூன்றில், இவ்வோலை எழுதும் நாள்வரை, முப்பத்தொன்றில் புதுக்குருத்து நிமிர்ந்திருக்கிறது. மற்றவை எப்படி ஆகும் என்று இப்போது சொல்வதற்கில்லை. கீரங்கொற்றன் நாள்தோறும் அங்கே தண்ணீர் சுமக்கிறான். அதைப் பெருமையாக எழுதவில்லை; வேறு வேலைக்கு அவனை அழைப்பார் இல்லை.

தேவியார் கேட்ட முறைக்கு மறுமொழி இது. அதை அறிந்தவள் தேவியாரின் நாட்டிலேயே, கல்லோடைச் சூளையில், மண் சுமந்துகொண்டிருக்கிறாள். இவ்வோலையில் மரத்தைப் பற்றி நல்லதென்று எதுவெல்லாம் காணப்படுகிறதோ அதெல்லாம் அவள் சொன்னது. கீரங்கொற்றன் பெயரால் அதில் ஒரு சொல்லையும் கொள்ளற்க. முந்நூறு வீட்டு முற்றங்களை அவள் கையில் ஒப்படைப்பது தேவியாரின் விருப்பம். ஏற்பதும் மறுப்பதும் அவள் விருப்பம். ஏற்பாளாயின், எந்த நிலையிலும் அவள் சொல்லுக்கு மேல் கயிறு கட்ட ஒருவரையும் விடற்க.

இனி மன்னர் கரைகாத்த ஆதவேள் தேவியாரிடம் வேண்டுவது.

கீரங்கொற்றன் முன்பு விடுத்த ஓலையை எரிக்க வேண்டாம். எரித்தால் அது சொன்னது மட்டும் ஊர் நினைவில் தங்கிவிடும். அதை இவ்வோலையோடு ஒரே கயிற்றில் கோத்து வைக்க. அது படிக்கப்பட்ட எல்லைக் காவலிலும் சந்தைகளிலும் இதுவும், அதே உரத்த குரலில், முதலிலிருந்து முடிவுவரை படிக்கப்படுக. கல்லோடையில் படிக்குமுன் சாத்தியிடம் ஒருவரை அனுப்பி, கேட்க வருகிறாளா என்று கேட்க. வருவதாயின் அவள் அமர இடம் தருக. வரமாட்டேன் என்றால் வற்புறுத்தற்க. அவள் இல்லாமலே படிக்க.

படிக்காமல் மட்டும் விடற்க.

இது மன்னர் வேண்டுகோள். முத்திரை மன்னருடையது. எழுதிய கை கீரங்கொற்றனுடையது. அவனுக்கு இப்போது முத்திரையில்லை. பங்குனித் திங்கள் பதினான்காம் நாள், நெடுந்திடலில் இருந்து.